கடற்கரை ஊரில் மலிவு டக்டிக்கல் சாமான்: எது தாங்கும், எது முதலில் போகும்?

உப்புவெளிக்காரன்:

வணக்கம். ஷூட்டிங் கிளப் ஒன்றில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். துவக்கும் ரவையும் கிளப்புடையது: 9 மி.மீ. பிஸ்டல், .22 ரைபிள், பழகுவதற்கு ஒரு ஸ்பிரிங் எயார் ரைபிள். ஹோல்ஸ்டர் (துவக்கு வைக்கிற உறை), பெல்ட், கண்ணாடி, காதுமூடி, பாக் எல்லாம் நாங்கள் கொண்டுபோக வேணும். ரேஞ்ச் (சுட்டுப் பழகுகிற இடம்) வேறு மாவட்டத்தில், பஸ்ஸில்தான் போய்வருவது. வீடு திருகோணமலை உப்புவெளியில், கடலுக்குக் கூப்பிடு தூரம். கேற்றுப் பிணைச்சலே துருப்பிடித்துக் கொட்டுகிற இடம்.

கையில் 25,000 ரூபா இருக்கு. ஒன்லைனில் 'மிலிட்டரி கிரேட் 1000டி' என்று ஒரு செட் வருகுது: முதுகுப் பாக், பெல்ட், தொடையில் கட்டுகிற ஹோல்ஸ்டர், கையுறை, கண்ணாடி, காதுமூடி எல்லாம் சேர்த்து. படத்தில் நல்லாத்தான் இருக்கு. இந்த 1000டி உண்மையில் பலமானதா? செட்டாக எடுக்கலாமா, இல்லாட்டி ஒவ்வொன்றாக எடுக்கிறதா? உப்புக் காற்றுக்கும் மாரிக்கும் எது நிற்கும்? விசயம் தெரிந்தவர்கள் விளக்கமாகச் சொல்லுங்கோ.

ஊசிநூல்:

தம்பி, செட்டாக எடுக்காதீங்க. அதில் உருப்படியானது பாக் ஒன்றுதான். அதையும் தனியாக வாங்கினால் காசு மிஞ்சும்.

'மிலிட்டரி கிரேட்' என்பது விற்பவர் தன் விருப்பத்துக்குப் போடுகிற சொல். அதை விடுங்க. 'டி' என்பது டெனியர், அதாவது 9000 மீற்றர் நூலின் நிறை எத்தனை கிராம் என்பது. 1000டி என்றால் 9000 மீற்றர் நூல் ஒரு கிலோ. நூலின் தடிப்பை மட்டும்தான் அது சொல்லும். நைலோனா பொலியெஸ்டரா, எவ்வளவு நெருக்கமாக நெய்தது, உள்பக்கம் என்ன பூசியிருக்கு என்பதெல்லாம் அந்த எண்ணில் இல்லை. விலை கூடிய பாக்குகளில் வருகிற கோர்டுரா 1000டி நைலோன் 6,6 நூலில் நெய்தது. மலிவுச் செட்டில் '1000டி' என்று எழுதி வருவது அநேகமாக 600டி பொலியெஸ்டர் ஒக்ஸ்போர்ட்.

கையில் வந்ததும் பார்க்க வழி இருக்கு. உள்மடிப்பில் தொங்குகிற நூலில் கொஞ்சம் வெட்டி, சாவணத்தால் பிடித்து, லைட்டரைக் காட்டுங்க. கரும்புகையும் ஒரு மாதிரி இனிப்பு நாற்றமும் வந்தால் பொலியெஸ்டர். புகை வெளிறி, உருகிச் சொட்டினால் நைலோன்.

பொலியெஸ்டர் என்று தெரிந்ததும் திருப்பி அனுப்பவும் தேவையில்லை. நைலோன் தன் நிறையில் 4 வீதம் அளவுக்கு ஈரம் குடிக்கும், பொலியெஸ்டர் 0.4 வீதம்தான். நனைந்த நைலோன் பட்டி இழுபடும், தோளில் போட்ட அளவு நடுவழியில் இளகும். வெயிலுக்கும் பொலியெஸ்டர்தான் கூடத் தாங்கும். உராய்வுக்கு நைலோன் மேல். காட்டுக்குள் தவழுகிற ஆளுக்கு அது முக்கியம். பஸ் தட்டில் ஏறி இறங்குகிற பாக்குக்கு நல்ல நெசவில் வந்த 600டி பொலியெஸ்டர் போதும்.

மலிவுப் பாக் துணி கிழிந்து சாவது குறைவு. தோள்பட்டியின் அடித்தையல் விடும், ஸிப் பிரியும், உள்பூச்சு உரியும். இந்த மூன்றையும்தான் பார்க்க வேணும்.

முதலில் தையல். தோள்பட்டி பாக்கோடு சேருகிற இடத்தில் சதுரம் போட்டு நடுவில் பெருக்கல் குறி வைத்த தையல் இருக்கா, பட்டி முனை மடிப்புக்குள்ளே போய்த் திரும்பவும் பிடிபட்டிருக்கா என்று பாருங்க. ஒரே ஒரு நேர்த்தையலில் பட்டி நின்றால் அது கன நாள் பாரம் பிடிக்காது. முன்பக்கம் வரிவரியாகப் பட்டி தைத்திருக்கிறதே, பவுச் (சின்னப் பை) கோர்க்கிற அந்த மொல்லி வரிசை, அதற்கு அளவு உண்டு: பட்டி 25 மி.மீ. அகலம், வரிகளுக்கு இடைவெளி 25 மி.மீ., தையல் புள்ளிகள் 38 மி.மீ.க்கு ஒன்று. அளவுநாடா வைத்து அளந்து பாருங்க. மலிவில் இந்த அளவு பிசகும். 45 மி.மீ. விட்டால் பவுச் ஆடும், 32 ஆனால் கோர்ப்பது கஷ்டம். ஒவ்வொரு புள்ளியிலும் பார்டெக் அடித்திருக்க வேணும். கார்மென்ட்ஸில் வேலை செய்த ஆரிடம் கேட்டாலும் அது என்னவென்று காட்டுவார்கள்: நெருக்கமாக முன்பின் ஓடிய குட்டித் தையல் கட்டு. அதற்குப் பதிலாக ரிவர்ஸில் மூன்று தரம் ஓட்டி விட்டிருந்தால் ஒரு நூல் அறுந்ததும் வரிசை முழுக்க உருவிக்கொண்டு வரும்.

இதற்கு வைத்தியம் ஊரிலேயே இருக்கு. முச்சக்கரவண்டிக்கு ஹூட்டும் சீட்டும் தைக்கிற குஷன் கடையில் தடித்த துணி ஓடுகிற மெஷின் நிற்கும். போன்டட் நைலோன் அல்லது போன்டட் பொலியெஸ்டர் நூல், ஊசி 18ஆம் நம்பர் என்று சொல்லி, தோள்பட்டி இரண்டு அடியும், கைபிடி இரண்டு முனையும், பெல்ட் என்றால் பக்கிள் மடிப்பும் திரும்ப ஓடச் சொல்லுங்க. பருத்தி நூல் போட விடாதீங்க, வேர்வையில் உக்கும். பாக்கை உள்பக்கம் புரட்டி, மடிப்பு விளிம்பில் பைப்பிங் பட்டி இல்லாமல் துணி பிய்ந்துகொண்டு நின்றால் அதையும் சேர்த்துத் தைக்கச் சொல்லுங்க. புதுப் பாக் வாங்குகிற காசில் சின்னப் பங்குதான் போகும்.

உள்பூச்சு பெரும்பாலும் பொலியூரிதேன். ஈரமும் வெக்கையும் சேர்ந்தால் அது இரசாயனமாகவே பிரியும். பாவிக்காமல் அலுமாரியில் பூட்டி வைத்தாலும் நடக்கும், சொல்லப்போனால் அங்கேதான் கெதியாக நடக்கும். ஒட்டுகிற பிசுபிசுப்பும் புளித்த வாடையும் வந்துவிட்டதென்றால் திருத்த ஏலாது. பொலித்தீனுக்குள் கட்டி வைக்காமல், காற்று படுகிற இடத்தில் தொங்க விடுங்க.

பாலையூற்று_அக்கா:

ஊசிநூல் பாக்கைப் பார்த்துவிட்டார். நான் கண்ணுக்கும் காதுக்கும் வாறன். உங்கட 25,000இல் முதல் காசு இதற்குத்தான் போக வேணும். பாக் அறுந்தால் சாமான் விழும், அவ்வளவுதான்.

செட்டோடு வருகிற கண்ணாடி வெறும் கறுப்புப் பிளாஸ்டிக். துவக்கில் இருந்து தெறிக்கிற வெடிமருந்துத் துகள், இரும்பு இலக்கில் பட்டுத் திரும்புகிற ஈயத் துண்டு, பக்கத்து லேனில் இருந்து பறக்கிற வெற்றுக் கோது, இவைதான் ஆபத்து. வில்லை பொலிகாபனேற்றாக இருக்க வேணும். அக்ரிலிக் அடிபட்டால் கூரான சில்லாக உடையும். அமெரிக்க நியமம் என்றால் 'இசட்87' என்ற எழுத்துக்குப் பின்னால் கூட்டல் குறி இருக்கா என்று பாருங்க. கூட்டல் இருந்தால் 6.35 மி.மீ. உருக்குக் குண்டை வினாடிக்கு 45.7 மீற்றர் வேகத்தில் அடித்துப் பார்த்த வகை. கூட்டல் இல்லாட்டி ஒரு அங்குலக் குண்டை 127 செ.மீ. உயரத்தில் இருந்து போட்டுப் பார்த்தது மட்டும்தான். ஐரோப்பிய ஈஎன் 166 என்றால் 'எஃப்' எழுத்து: 6 மி.மீ. குண்டு, வினாடிக்கு 45 மீற்றர். குறி வில்லையிலும் சட்டத்திலும் இரண்டிலும் இருக்க வேணும். வில்லையில் தயாரிப்பாளரின் எழுத்தும் சேர்ந்து வரும். சட்டத்தில் மட்டும் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் தள்ளி வையுங்க.

டக்டிக்கல் என்று பெயர் போட்டதைத் தேட வேண்டியதில்லை. கட்டட வேலைக்காரருக்குப் பாதுகாப்புச் சாமான் விற்கிற ஹாட்வெயார் கடையில், பெயர் தெரிந்த கொம்பனிக் கண்ணாடி இதே குறிகளோடு கிடைக்கும், விலையும் குறைவு. நிறமில்லாத வில்லை எடுங்க. மாரிக்காலத்து இருண்ட பின்னேரத்தில் கறுப்பு வில்லையோடு இலக்கு தெரியாது. நெற்றிக்கும் கண்ணாடிக்கும் நடுவில் சூடான கோது விழுந்து சிக்குவது 9 மி.மீ. பிஸ்டலில் சாதாரணம். ஆள் துள்ளுவார், துவக்கு வாய் எங்கேயோ திரும்பும். அதனால் முன்விளிம்பு உள்ள தொப்பி கட்டாயம்.

வில்லையை ரி-சேர்ட் நுனியால் துடைத்தால் உப்புத் துகளே கீறிவிடும். முதலில் நல்ல தண்ணீரில் அலசி, சவர்க்காரம் ஒரு துளி, பிறகு மெல்லிய துணி. தின்னர், அசிற்றோன், துவக்கு துடைக்கிற சொல்வென்ட் ஒன்றும் கிட்டப் போகக்கூடாது, பொலிகாபனேற் வெடிப்பு விடும். டீட் கலந்த நுளம்பு மருந்து பூசிய கையாலும் தொடாதீங்க. அது பல பிளாஸ்டிக்குகளை இளக்கும்.

இனிக் காது. 9 மி.மீ. வெடிச்சத்தத்தின் உச்சம் 160 டெசிபல் அளவில். உடனடிப் பாதிப்புக்கு எல்லை என்று பொதுவாக எடுப்பது 140. காதுமூடிப் பெட்டியில் என்.ஆர்.ஆர். (சத்தம் எவ்வளவு குறையும் என்ற எண்) 25 என்று போட்டிருந்தால் 25 குறையும் என்று நம்ப வேண்டாம். அமெரிக்கத் தொழிற்பாதுகாப்புக் கணக்கில் 7ஐக் கழித்து இரண்டால் வகுப்பார்கள்: 25 ஒன்பதாகிவிடும். அதில் இரண்டால் வகுப்பதுதான் ஆய்வுகூடத்துக்கும் சாதாரண ஆளின் தலைக்கும் உள்ள வித்தியாசம். அதனால் பிஸ்டலுக்கு நுரைக் காதடைப்பானும் மேலே காதுமூடியும் இரண்டும் போடுங்க. இரண்டையும் சேர்த்தால் கூட்டுத்தொகை கிடைக்காது, கூடியதற்கு மேல் ஏறக்குறைய 5 டெசிபல்தான் வரும். ஆனால் ஒன்று சரியாகப் பொருந்தாவிட்டால் மற்றது காப்பாற்றும்.

நுரை அடைப்பான் போடுகிற முறை முக்கியம். சுருக்கம் விழாமல் மெல்லிய குச்சியாக உருட்டி, மறுகையைத் தலைக்கு மேலால் கொண்டுபோய்க் காது மடலை மேலும் பின்னும் இழுத்து, உள்ளே விட்டு, அது ஊதி நிறையும் வரை 30 வினாடி விரலால் பிடித்திருக்க வேணும். வெளியே முழுசாகத் துருத்திக்கொண்டு தெரிந்தால் அது அடைக்கவில்லை. உருட்ட முதல் கை கழுவுங்க.

மூடியின் குஷன்தான் மலிவில் முதலில் போகும். வேர்வையும் உப்பும் பட்டு இறுகி வெடிக்கும். வெடித்த குஷன் வழியே சத்தம் நேராக வரும். மாற்றுக் குஷன் தனியாக விற்கிற மொடலாகப் பார்த்து எடுங்க, ஆறு மாதத்துக்கு ஒருக்கா மாற்றுங்க. குஷன் கிடைக்காத மொடல் என்றால் அந்த விலைக்கும் அது நட்டம். கண்ணாடிக் காலும் தடிப்பாக இருக்கக்கூடாது. தடித்த கால் குஷனைத் தூக்கி இடைவெளி விடும். தட்டையான மெல்லிய கால் உள்ள கண்ணாடியை எடுத்து, மூடியோடு சேர்த்துப் போட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்க.

உப்புவெளிக்காரன்:

நன்றி அண்ணா, அக்கா. எலக்ட்ரோனிக் காதுமூடி என்று ஒன்று மலிவில் இருக்கு, கதைக்கிறது கேட்கும், வெடி கேட்காது என்று. அது இந்தக் காற்றில் நிற்குமா? பட்டரி செத்தால் காது போயிடுமா?

பாலையூற்று_அக்கா:

பட்டரி செத்தாலும் அது சாதாரண மூடியாக நின்று அடைக்கும், பயமில்லை. ரேஞ்ச் ஒபிசரின் கட்டளை கேட்பது பெரிய வசதிதான். மலிவில் இரண்டு குறை: வெடித்த பிறகு மைக் திரும்பத் திறக்க நேரம் எடுக்கும், கட்டளையின் முதற்சொல் விழுங்குப்படும். அடுத்தது மெல்லிய கிண்ணம், என்.ஆர்.ஆர். 22, 23 தான் வரும். கீழே நுரை அடைப்பான் போட்டு, சத்தத்தைக் கூட்டி வைத்தால் சரிவரும்.

கடற்கரையில் கெடுவது பட்டரி முனை. ரேஞ்சால் வந்ததும் பட்டரியைக் கழற்றி வையுங்க. அல்கலைன் பட்டரி ஒழுகி வெள்ளைப் பொடி பிடித்தால் பஞ்சுக் குச்சியில் ஒரு துளி தேசிப்புளி தொட்டுத் துடைத்து, பிறகு ஐசோபுரோபைல் அல்ககோலால் துடைத்துக் காயவிடுங்க. தேசிப்புளியை அப்படியே விட்டால் அதுவும் அரிக்கும். மைக் துளைக்கு முன்னால் இருக்கிற நுரைத்துண்டு கழன்றால் காற்றுச் சத்தம் மட்டும்தான் கேட்கும். கச்சான் வீசுகிற மாதங்களில் அதைத் தாங்க ஏலாது.

சீனக்குடா_09:

எல்லாரும் கடைசிக்கு விட்ட சாமானுக்கு வாறன். அந்தத் தொடை ஹோல்ஸ்டரைத் தொடவே வேண்டாம்.

எல்லாப் பிஸ்டலுக்கும் பொருந்தும் என்று வருகிற நைலோன் ஹோல்ஸ்டர் ஒரு பிஸ்டலுக்கும் பொருந்தாது. துவக்கை எடுத்ததும் வாய் சப்பையாகும். திரும்ப வைக்க மற்றக் கையால் விரித்துப் பிடிக்க வேணும், அப்போது துவக்கு வாய் உங்கட விரலைப் பார்க்கும். மேலே வருகிற பட்டி, இல்லாட்டி அதன் பொத்தான், விசைக்கூட்டுக்குள் நுழைந்தால் உள்ளே தள்ளுகிறபோதே விசை இழுபடும். துணி மெல்லியதென்றால் வெளியே இருந்தே விசையை அமத்தலாம். ஐ.பி.எஸ்.சி. என்ற சர்வதேசச் சுடுதல் அமைப்பின் போட்டி விதியில் ஹோல்ஸ்டருக்குள் இருக்கும்போது விசையில் கை படவே கூடாது. தொடையோடு கட்டுகிற வகையும் அங்கே செல்லாது. ஆகப் படத்தில் அழகாக இருக்கிற அந்த ஹோல்ஸ்டரோடு போனால் ஒபிசர் உங்களை லேனுக்குள் விடமாட்டார்.

கிளப் எந்தப் பிஸ்டல் தரும் என்று சரியான மொடல் பெயரைக் கேட்டு, அதற்கென்றே வார்த்த கைடெக்ஸ் (சூடாக்கி வார்க்கிற கெட்டிப் பிளாஸ்டிக் தகடு) ஹோல்ஸ்டர் எடுங்க. தகடு 2 மி.மீ. இருக்க வேணும். 1.5 மி.மீ. தகட்டில் மலிவுக்காரர் செய்கிறது அமத்தினால் வளையும். கையில் வந்ததும் விளிம்பு முழுக்க விரல் ஓட்டிப் பாருங்க. அரம் போடாத கூர் விளிம்பு, மடித்த இடத்தில் வெளிறிய கோடு, ரிவெட்டைச் சுற்றி மயிர் வெடிப்பு இருந்தால் திருப்பி அனுப்புங்க. வெளிறிய கோடு என்றால் ஆறிப்போன தகட்டை வளைத்திருக்கிறார்கள். பின்னாளில் அந்த இடத்தில்தான் முறியும்.

இறுக்கத்தை மாற்றுகிற ஆணிகள் ரப்பர் வளையத்தில் நிற்கும். துவக்கை எடுத்து எடுத்து வைக்க அவை தானே கழரும். இறுக்கம் சரிபார்த்த பிறகு ஒவ்வொரு ஆணியாகக் கழற்றி, மரையைத் துடைத்து, நீலநிற மரைப்பசை ஒரு துளி போட்டு, அதே அளவுக்குத் திருப்பிப் பூட்டுங்க. சிவப்பு வேண்டாம், சூடாக்காமல் கழராது. பசையைத் தகட்டில் ஒழுக விடாதீங்க, சில பிளாஸ்டிக்கை வெடிக்க வைக்கும். ஆணித்தலையில் இருந்து தகட்டுக்கு ஒரு வெள்ளைக் கோடு போட்டு வைத்தால் ஆணி திரும்பியதா என்று பார்த்த உடனே தெரியும். கூட வருகிற ஆணி சாதாரண உருக்காக இருந்தால் துரு தகட்டில் ஒழுகும். அதே மரை அளவில் ஸ்டெயின்லெஸ் வாங்கி மாற்றுங்க. பொருத்திப் பார்க்கிற வேலையெல்லாம் ரேஞ்சில், வெறுந்துவக்கில், ஒபிசர் முன்னால்தான்.

கைடெக்ஸுக்கு உப்பு ஒன்றும் செய்யாது. வெயில் செய்யும். பூட்டின வாகனத்தில் டாஷ்போர்ட்டுக்கு மேல் மத்தியானத்தில் வைத்தால் இளகி வடிவம் மாறும். வடிவம் மாறினதைச் சூடுகாட்டி நிமிர்த்தப் போகாதீங்க.

பெல்ட் செட்டில் வருவது ஒற்றைத் துணி. ஹோல்ஸ்டர் தொங்கினால் வெளிப்பக்கம் மடியும், துவக்கை இழுக்க பெல்ட்டும் சேர்ந்து வரும். உள்பெல்ட் ஒன்று, அதன் மேல் வெல்குரோவில் ஒட்டுகிற விறைப்பான வெளிபெல்ட் ஒன்று, அந்த இரட்டை வகைதான் இதற்கு. அகலம் 38 மி.மீ. ஹோல்ஸ்டர் கொளுவியின் அகலத்தோடு ஒத்துப்போகுதா என்று பாருங்க, பெரிய கொளுவி சின்ன பெல்ட்டில் ஆடும். பெல்ட்டைச் செங்குத்தாகப் பிடித்து நுனியை அமத்துங்க. மடிந்தால் உள்ளே வெறும் நுரை. பக்கிள் மினுங்குகிற உலோகமாக, இரண்டு பக்கமும் அமத்திக் கழற்றுகிற நகல் வகையாக இருந்தால் அது நாக வார்ப்பு, உள்ளே உருக்கு ஸ்பிரிங். இந்தக் காற்றில் முதலில் ஸ்பிரிங்தான் பிடிக்கும். அதைவிட, கொம்பனிப் பெயர் வார்த்த அசிற்றல் பிளாஸ்டிக் பக்கிள் நல்லது. பெயர் ஒன்றும் இல்லாத பக்கிளின் நாக்கை விரலால் கொஞ்சம் வளைத்துப் பாருங்க, அடியில் வெள்ளை படர்ந்தால் கன நாள் போகாது.

மகசின் (ரவைக்கூடு) பவுச்சில் இலாஸ்டிக் வைத்ததை எடுக்காதீங்க. வெக்கையில் ரப்பர் செத்து, குனிந்தால் மகசின் மண்ணில் விழும்.

லிங்கநகர்:

ஆரும் சொல்லாத சில சில்லறை விசயம்.

நிறம். உருமறைப்புக் கோலம் போட்ட ஒன்றும் எடுக்காதீங்க, தொப்பிகூட வேண்டாம். எங்கட நாட்டில் சிவில் ஆள் அதைப் போட்டால் சட்டச் சிக்கல். கடற்படை டொக்யார்டும் சீனக்குடா விமானப்படைத் தளமும் பக்கத்தில் இருக்கிற ஊரில் அதைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறினால் பயிற்சிக்குப் போய்ச் சேர மாட்டீங்க. கடும்பச்சையும் தேவையில்லை. சாம்பல், கடல்நீலம், பார்க்கப் பள்ளிக்கூடப் பாக் மாதிரி இருந்தால் போதும். ரேஞ்சால் வெளிக்கிட முதல் பாக்கைக் கவிழ்த்து, ஒவ்வொரு பொக்கெற்றையும் புரட்டி உதறுங்க. ஒரு வெற்றுக் கோது மடிப்புக்குள் கிடந்தாலும் வழியில் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க வேணும். உயிர்ரவை என்றால் சொல்லத் தேவையில்லை.

சோற்றுப் பார்சலை அதே பாக்கில் வைக்கக்கூடாது. வெடிவாயில் வருகிற புகையில் ஈயம் இருக்கு, துணி முழுக்கப் படியும். சாப்பாட்டுக்குத் தனிப் பை. சாப்பிட முதல் சவர்க்காரத்தோடு குளிர்ந்த தண்ணீரில் கை கழுவுங்க. பெல்ட், தொப்பி, ரி-சேர்ட் எல்லாம் பிள்ளைகளின் உடுப்போடு சேர்க்காமல் தனியாகக் கழுவுங்க.

சப்பாத்து: டக்டிக்கல் பூட்ஸ் வேண்டாம், ஓடுகிற சப்பாத்தே காணும். பழைய ஸ்டொக் பூட்ஸ் மலிவில் வருவதற்குக் காரணம் பொலியூரிதேன் அடி. பெட்டிக்குள் கிடந்தே பிரிந்திருக்கும். நகத்தால் அமத்தினால் பொருக்காக உதிரும். அதைச் சப்பாத்துத் தைக்கிறவரிடம் கொடுத்து ஒட்டினாலும் நிற்காது, ஒட்டப் பிடிமானம் இல்லை.

எயார் ரைபிளுக்கு மலிவுத் தொலைநோக்கி வாங்குகிற யோசனை வந்தால் கவனம். ஸ்பிரிங் ரைபிள் முதலில் பின்னால் உதைக்கும், பிஸ்டன் முட்டியதும் முன்னால் உதைக்கும். சாதாரண ரைபிள் தொலைநோக்கி முன் உதைப்புக்குக் கட்டினதல்ல. உள்ளே வில்லை கழரும், குறுக்குக்கோடு சரியும். 'ஸ்பிரிங் எயார் ரைபிளுக்கு' என்று தயாரிப்பாளர் சொன்னதைத்தான் எடுக்க வேணும். தூரம் 10 மீற்றர் என்பதால் கிட்டக் குவியம் மாற்றுகிற வளையமும் வேணும். 100 யார் தூரத்துக்கு அமைத்ததில் இலக்கு மங்கலாகத்தான் தெரியும். தொலைநோக்கியின் வளையம் கவ்விப் பிடிக்கிற தண்டவாளமும் பாருங்க, எயார் ரைபிளில் அநேகமாக 11 மி.மீ. ஆப்புப் பள்ளம், 20 மி.மீ. வளையம் அதில் ஏறாது.

கச்சான்காத்து:

இடையில் ஒரு கேள்வி. பிளேட் காரியர் என்கிற மார்க்கவசமும் மலிவில் கிடக்கே, பாரம் போட்டுப் பழக நல்லதுதானே?

ஊசிநூல்:

ரேஞ்சில் அதற்கு வேலை இல்லை. பாரம் வேணுமென்றால் பாக்கில் மணல் போடுங்க. அதோடு வருகிற தகடு குண்டு தாங்கும் என்று எழுதியிருந்தால் நம்பவே வேண்டாம். பெரிய கொம்பனிகள் சைலோன் என்ற நூலில் செய்த கவசங்களே ஈரத்திலும் சூட்டிலும் பலம் இழந்து, 2005இல் அமெரிக்க நீதித்துறையின் ஆய்வு நிறுவனமான என்.ஐ.ஜே. அவற்றின் அங்கீகாரத்தை எடுத்துவிட்டது. பெயர் தெரியாத தகட்டைத் திருகோணமலை வெக்கையில் வைத்து ஆர் சோதித்தது? ரோட்டில் போட்டுக்கொண்டு போனால் வருகிற கரைச்சல் வேறு.

உப்புவெளிக்காரன்:

சரி, செட் வேண்டாம். கைடெக்ஸ் ஹோல்ஸ்டர், இரட்டை பெல்ட், ஹாட்வெயார் கடைக் கண்ணாடி, குஷன் மாற்றுகிற காதுமூடி, சாம்பல் நிறப் பாக். கையுறை தேவையா? பிறகு ஒன்று, ஸிப்பைப் பற்றி ஊசிநூல் அண்ணா முதலில் சொல்லிவிட்டு விளக்காமல் விட்டுட்டார். உப்புக் காற்றுக்கு என்ன செய்யலாம்?

சீனக்குடா_09:

கையுறை வேண்டாம். விசையின் உணர்வு போகும். மலிவுக் கையுறையில் விரல் நுனித் தையல் தடித்து விசைக்கூட்டில் உரசும். வெக்கையில் உள்ளே வேர்த்து வழுக்கும். ஹோல்ஸ்டரில் காசு குறைக்காமல் கையுறைக் காசை அதில் போடுங்க.

ஊசிநூல்:

ஓம், ஸிப் விட்டுப்போச்சு. பாக்கில் உலோகப் பல் வேண்டாம், நைலோன் சுருள் வகை எடுங்க. பெரிய வாய்க்கு 8 அல்லது 10ஆம் நம்பர், சின்னப் பொக்கெற்றுக்கு 5. நம்பர் இழுவையின் பின்பக்கம் பொறித்திருக்கும். சுருள் அரிக்காது, அரிப்பது இழுவை. மலிவு இழுவை நாக வார்ப்பு, மேல் பூச்சு போனதும் வெள்ளைப் பொடி கட்டி இறுகும். உப்பு காற்றிலிருந்தே ஈரத்தை இழுக்கும், அதனால் துடைத்து மட்டும் வைத்தால் காயாது. பயிற்சி முடிந்து வந்ததும் வெற்றுப் பாக்கை நல்ல தண்ணீர் வாளியில் 20 நிமிடம் ஊறவிட்டு, ஸிப் எல்லாம் இரண்டு மூன்று தரம் தண்ணீருக்குள்ளேயே இழுத்து, நிழலில் தலைகீழாகத் தொங்க விடுங்க. காய்ந்தபின் சுருளின் மேல் மெழுகுதிரியைத் தேய்த்து இழுவையை ஓட்டுங்க. தேங்காய் எண்ணெய் மட்டும் வேண்டாம். முதல் நாள் வழுக்கும், பிறகு மணலும் தூசும் பிடித்துப் பல்லைத் தின்னும்.

இழுவை ஓடி மூடின பின்னாலும் ஸிப் பிளந்து நின்றால் சுருளில் பிழை இல்லை, இழுவையின் வாய் விரிந்திருக்கு. இழுவையை ஸிப்பின் தொடக்கத்துக்குக் கொண்டுபோய், பின்விளிம்பை இரண்டு பக்கமும் குறட்டால் மாறி மாறி மெல்ல நெருக்குங்க. நெருக்கிவிட்டு ஓட்டிப் பாருங்க, போதாட்டி இன்னும் கொஞ்சம். ஒரேயடியாக அமத்தினால் நாக வார்ப்பு பட்டென்று முறியும். முறிந்தால் அதே நம்பர் இழுவை மட்டும் தையல் சாமான் கடையில் தனியாக வாங்கலாம். ஸிப்பின் முனைத் தையலை ஒரு அங்குலம் பிரித்து, பழையதைக் கழற்றி, புதியதைக் கோர்த்துத் திரும்பத் தைக்க வேணும். வாங்கப் போகும்போது பழைய இழுவையைக் கையோடு கொண்டுபோங்க. நம்பர் ஒன்றானாலும் சுருள் ஸிப்புக்கும் பல் ஸிப்புக்கும் இழுவை வேறு.